இடைத்தீனி: பிரித்துக் கொடுப்பதா, கூட்டிக் கொடுப்பதா?

நிலக்கடலை பிடுங்கும் வயலுக்குக் காலை பதினொரு மணிக்குத் தூக்குவாளி வந்து சேரும். உள்ளே டீ இருக்கும். கூடவே ஒரு பொட்டலத்தில் போண்டாவோ, வடையோ, பிஸ்கட்டோ இருக்கும். விடியலிலேயே குனிந்து வேலையைத் தொடங்கியவர்கள் அப்போதுதான் நிமிர்ந்து வரப்பில் உட்காருவார்கள். நெய்வேலியைச் சுற்றியுள்ள செம்மண் பூமியில், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துக் கிராமங்களில், இது அன்றாடக் காட்சியாகும். அந்த வரிசையில் சர்க்கரை நோய் உள்ளவர் ஒருவரும் இருக்கக்கூடும். டம்ளர் தம்மிடம் வரும்போது கை நீட்டுவதா, வேண்டாம் என்று தள்ளி விடுவதா என்பது அவருக்குத் தினமும் எழும் கேள்வி.

சர்க்கரை நோய் என்றால் பட்டணத்துக்காரர் நோய், நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர் நோய் என்று ஒரு காலத்தில் கிராமங்களில் எண்ணினார்கள். அந்த எண்ணம் இனிச் செல்லாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த 'இண்டியாப்' ஆய்வின் முதற்கட்ட முடிவுகள் 2011-ல் வெளியாயின. தமிழ்நாட்டுக் கிராமங்களில் 20 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேருக்கு நீரிழிவு இருப்பதாக அவை காட்டின. அதே ஆய்வின் நாடு தழுவிய முடிவுகள் 2023-ல் வெளிவந்தபோது, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்வதாகக் கணக்கிடப்பட்டது. மண்வெட்டி பிடித்த கைக்கும் இப்போது மாத்திரை வந்துவிட்டது. எனவே இடைத்தீனிக் கேள்வி உழவர் வீட்டுக் கேள்வியாகவும் ஆகிவிட்டது.

இரண்டு பக்கமும் பள்ளம்

இந்தக் கேள்விக்கு ஊரில் இரண்டு பதில்கள் வழங்குகின்றன. 'வயிற்றைக் காயப் போடாதே, சிறிது சிறிதாக ஆறு வேளை சாப்பிடு' என்பது ஒன்று. 'வேளைச் சாப்பாடு தவிர இடையில் எதையும் வாயில் வைக்காதே' என்பது மற்றொன்று. இரண்டும் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுபவை. இரண்டும் சிலருக்குப் பொருந்தும். ஆள் மாறிப் போய்ச் சேர்ந்தால் இரண்டுமே கேடாக முடியும்.

ஒரே தெருவில் வசிக்கும் இரு உழவர்களை எண்ணிப் பார்க்கலாம். ஒருவருக்கு முந்திரித் தோப்பு உண்டு. காய் பொறுக்கும் காலம் தவிர மற்ற மாதங்களில் அவருக்குக் கடுமையான உடல் உழைப்பு இல்லை. மெட்பார்மின் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறார். ஆறு வேளை யோசனையை யாரோ சொல்லக் கேட்டு, பதினொரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும், நாலு மணிக்கு டீயும் பஜ்ஜியும், இரவு படுக்குமுன் நாலு முறுக்கும் பழக்கப்படுத்திக்கொண்டார். மூன்று வேளைச் சோறு மட்டும் முன்பு இருந்த அளவிலேயே இருக்கிறது. ஆறு மாதம் கழித்துச் சோதித்தால் சர்க்கரை ஏறியிருக்கிறது. 'கொஞ்சம் கொஞ்சமாகத்தானே சாப்பிட்டேன்' என்று அவர் வியப்படைகிறார்.

மற்றவர் கரும்பு பயிரிடுபவர். கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறார். வெட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று ஒரு நாள் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கஞ்சி குடிக்காமலேயே வயலுக்கு ஓடினார். பதினொரு மணிக்கு டீ வந்தபோது, இடையில் தின்னக்கூடாது என்ற கட்டுப்பாட்டில் அதையும் மறுத்துவிட்டார். நண்பகல் நெருங்கும்போது உடல் வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. கையில் இருந்ததோ கரும்பு வெட்டும் கத்தி. வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்து உடன் இருந்தவர்கள் அவரை நிழலில் படுக்க வைத்தார்கள். உண்மையில் அவர் இரத்தத்தில் சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது.

முதலாமவருக்கு நேரும் தீங்கு மெதுவாக வரும். கண், சிறுநீரகம், கால் நரம்பு என்று ஆண்டுக் கணக்கில் அரித்துக்கொண்டே போகும். இரண்டாமவருக்கு நேரும் தீங்கு ஒரு மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். இருவருக்கும் ஒரே அறிவுரை எப்படிப் பொருந்தும்?

ஆறு வேளை யோசனை எங்கிருந்து வந்தது?

கனடா நாட்டின் டொரன்டோ நகரில் 1921-ல் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. 1922-ல் அது முதன்முதலாக நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. பின்னர் 1946-ல் டென்மார்க்கில், ஒரு முறை போட்டால் பல மணி நேரம் வேலை செய்யும் இன்சுலின் வகை உருவாக்கப்பட்டது. இந்த வகை இன்சுலின் போட்ட சில மணி நேரம் கழித்து உச்ச வேகத்தில் வேலை செய்யும். அந்த நேரத்தில் அவர் சாப்பிட்டிருக்கிறாரா, பட்டினியாக இருக்கிறாரா என்பது மருந்துக்குத் தெரியாது. ஆகவே மருந்தின் வேகம் ஏறும் நேரம் பார்த்து இடையில் ஏதேனும் உண்ணும்படி மருத்துவர்கள் சொன்னார்கள். 1950-களில் வழக்கத்துக்கு வந்த சில மாத்திரைகளும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. அவற்றுக்கும் அதே எச்சரிக்கை தேவைப்பட்டது.

ஆக, இடைத்தீனி யோசனை பெரிதும் மருந்தின் வேகத்துக்குத் தடுப்பாக வந்தது. காலப்போக்கில் எந்த மருந்துக்காகச் சொல்லப்பட்டது என்பது மறந்துபோய், சர்க்கரை நோய் உள்ள எல்லாருக்கும் உரிய பொது விதியைப் போல அது ஊர் ஊராகப் பரவிவிட்டது. இன்று ஏராளமானோர் சாப்பிடும் மெட்பார்மின் அந்த இனத்தைச் சேர்ந்தது அன்று. கல்லீரல் அளவுக்கு மீறிச் சர்க்கரையை வெளிவிடுவதை அது குறைக்கிறது. தனியாகச் சாப்பிடும்போது சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு அது இறக்குவது அரிது. அதை மட்டும் சாப்பிடுபவருக்கு மருந்தை முன்னிட்டு இடைத்தீனி தேவைப்படுவதில்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். செக் நாட்டின் பிராக் நகரில் மாத்திரை சாப்பிடும் 54 நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. ஒரே நபர் 12 வாரம் நாளுக்கு ஆறு சிறு வேளையாகவும், 12 வாரம் காலை, மதியம் என இரண்டு பெரு வேளையாகவும் சாப்பிட்டார். நாள் முழுவதற்குமான உணவின் மொத்த அளவு இரண்டு முறையிலும் ஒன்றே. ஆறு வேளை முறையில் சராசரியாக 2.3 கிலோவும், இரண்டு வேளை முறையில் 3.7 கிலோவும் எடை குறைந்தது. அந்த நோயாளிகள் உடல் எடை மிகுந்தவர்கள், மருத்துவர் கண்காணிப்பில் இருந்தவர்கள். கரும்பு வெட்டும் உழவர் அதைப் பார்த்து இரண்டு வேளைக்கு மாறிவிடக் கூடாது. ஆனால் அடிக்கடி தின்றால்தான் சர்க்கரை கட்டுப்படும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பதை இந்த ஆய்விலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

யூரியாக் கணக்கு

இதை உழவர் பெருமக்கள் எளிதில் புரிந்துகொள்ள அவர்கள் கையிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. நெல்லுக்குத் தழைச்சத்து முழுவதையும் ஒரே தடவையில் இட வேண்டாம், அடியுரமாகவும், தூர் கட்டும் பருவத்திலும், கதிர் உருவாகும் பருவத்திலும் பிரித்து இட வேண்டும் என்பது பழகிய பரிந்துரை. பிரித்து இடுவது என்றால் என்ன? ஏக்கருக்கு இவ்வளவு என்ற மொத்தம் மாறாது. அதே மூட்டைதான் மூன்று தவணையாகப் போகிறது. அடியுரத்தில் முழு அளவையும் கொட்டிவிட்டு, மேலுரம் என்ற பெயரில் மேலும் இரண்டு மூட்டை வீசினால் அது பிரித்து இடுவது ஆகாது. பயிர் அளவுக்கு மீறிப் பச்சை கட்டும், பூச்சி ஏறும், கடைசியில் சாயும்.

முந்திரித் தோப்புக்காரர் செய்தது இதுதான். வேளைச் சாப்பாட்டைக் குறைக்காமல் இடைத்தீனியைச் சேர்த்தார். பிரித்துக் கொடுப்பதற்குப் பதிலாகக் கூட்டிக் கொடுத்தார். சாப்பிட்ட பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரை இறங்க இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். இறங்கி வரும் நேரத்தில் டீயும் பிஸ்கட்டும் போனால் மீண்டும் ஏறும். அது இறங்குமுன் மதியச் சோறு வந்துவிடும். மடையை மூடாமல் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இருந்தால் வயல் எப்போது வடியும்?

எனவே முதல் விதி இது. இடையில் ஏதேனும் உண்பதாயின் அந்த அளவு அடுத்த வேளையிலிருந்தோ, முந்தைய வேளையிலிருந்தோ கழிய வேண்டும். கழிக்க மனம் இல்லாதவர் இடைத்தீனியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மாத்திரையைப் பார்க்க வேண்டும்

இரண்டாவது விதி, தாம் சாப்பிடும் மருந்து எந்த இனம் என்பதை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பூச்சிமருந்து டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பார்த்து நச்சின் வீரியத்தை அறிந்துகொள்பவருக்கு இது கடினமான காரியம் அன்று. இன்சுலின் போடுபவர்களும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிகிளசைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் ஒரு வகை. வேளை தவறினாலோ, உழைப்பு மிகுந்தாலோ இவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்பு உண்டு. மெட்பார்மின் மட்டும் சாப்பிடுபவர்கள் மற்றொரு வகை. இவர்களுக்கு அந்த அபாயம் மிகக் குறைவு.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரே மாத்திரைக்குள் இரண்டு, மூன்று மருந்துகள் சேர்ந்து வருவது இப்போது சாதாரணம். அட்டையில் உள்ள வணிகப் பெயரைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஆகவே மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய், 'இது வேளை தவறினால் சர்க்கரையை இறக்கிவிடும் மாத்திரையா?' என்று மருத்துவரிடமோ, செவிலியரிடமோ, மருந்தாளுநரிடமோ நேராகக் கேட்டுவிட வேண்டும். இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் பதினொரு மணி டம்ளரை என்ன செய்வது என்பதில் பாதி தெளிந்துவிடும்.

வேலையையும் பார்க்க வேண்டும்

மீதிப் பாதி அன்றைய வேலையில் இருக்கிறது. உழைக்கும் தசை இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். கடும் உழைப்பு முடிந்த பிறகும் பல மணி நேரம் இந்த இழுப்பு நீடிக்கும். பகல் முழுவதும் கரும்பு வெட்டியவருக்கு இரவில் தூக்கத்தில் சர்க்கரை தாழ்வது இதனால்தான்.

அலுவலக வேலைக்கு ஆண்டு முழுவதும் ஒரே அளவு உழைப்பு. உழவு வேலை அப்படியில்லை. கடலை பிடுங்கும் வாரங்களிலும் நடவு, அறுவடை வாரங்களிலும் உடல் முறியும். பிறகு பல வாரங்கள் சும்மா இருக்க நேரும். மழையில் வேலையில்லாமல் இருந்தபோது சோதித்து எழுதிய மாத்திரை அளவு, அறுவடை வாரத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. அறுவடை வாரத்தில் பழகிய இடைத்தீனி, ஓய்வு மாதங்களுக்கும் பொருந்தாது. பருவம் மாறும்போது உரம் மாறுவது போல, வேலைப் பருவம் மாறும்போது உணவையும் மருந்தையும் மருத்துவரிடம் சொல்லி மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். தாமாக மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் கூடாது.

சர்க்கரையை இறக்கும் இன மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் கடும் வேலைக்குப் போகும் நாளில் காலை உணவைத் தவறவிடவே கூடாது. இடையில் சிறு அளவு உண்பது அவருக்கு ஆடம்பரம் ஆகாது, காப்பு ஆகும். பலா மரம் ஏறுபவர், கிணற்றில் இறங்குபவர், டிராக்டர் ஓட்டுபவர், இரவில் தனியாகத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் ஆகியோர் இதில் சிறிதும் அலட்சியம் காட்டலாகாது. தலை கிறுகிறுத்தால் தாங்கிப் பிடிக்க அங்கே ஆள் இருக்கமாட்டார்.

நெய்வேலிப் பகுதிக்கே உரிய இன்னொரு நிலைமையும் உண்டு. சுரங்கத்திலும் அனல்மின் நிலையங்களிலும் முறை வேலை பார்த்துக்கொண்டே நிலத்தையும் கவனிக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். இரவு முறை முடித்து வீடு வந்து, தூங்காமலேயே மண்வெட்டியைத் தூக்குபவர்கள் உண்டு. அவர்களுக்குக் காலை எது, இரவு எது என்பதே வாரந்தோறும் மாறுகிறது. 'காலையில் ஒன்று, இரவில் ஒன்று' என்று எழுதிய சீட்டை அவர்கள் எப்படிப் படிப்பது? விழித்திருக்கிறோம் என்பதற்காக நள்ளிரவில் டீயும் போண்டாவும் சேர்த்துக்கொள்வது கூட்டிக் கொடுக்கும் கணக்கில்தான் சேரும். முறை வேலையில் இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி, எந்த முறைக்கு எப்போது மாத்திரை, எப்போது சாப்பாடு என்று தனித்தனியே எழுதி வாங்கிக்கொள்வதே முறை.

தாழ்ந்துவிட்டால் என்ன செய்வது?

திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கடும் பசி, பார்வை மங்கல், காரணமில்லாத கோபம், உளறல் ஆகியவை சர்க்கரை தாழ்ந்ததற்கு அறிகுறிகளாகும். கருவி வைத்துச் சோதித்தால் 70 மில்லிகிராமுக்குக் கீழே காட்டும். கருவி இல்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம். மூன்று தேக்கரண்டி, அதாவது சுமார் 15 கிராம், குளுக்கோஸ் மாவையோ சர்க்கரையையோ தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் அதே அளவு குடிக்க வேண்டும். தெளிந்த பிறகு வேளை உணவை உண்ண வேண்டும். வோக்லிபோஸ், அகார்போஸ் கலந்த மாத்திரை சாப்பிடுபவருக்குச் சாதாரணச் சர்க்கரை விரைந்து வேலை செய்யாது. அவர்கள் குளுக்கோஸ் மாவையே வைத்திருக்க வேண்டும்.

இந்த நேரத்தில் கடலையும் முந்திரியும் உதவா. அவற்றில் உள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். மாத்திரையால் தாழ்ந்த சர்க்கரை, தெளிந்த பிறகும் சில மணி நேரத்தில் மீண்டும் தாழக்கூடும். எனவே அன்றே மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

மருந்து தெளிக்கும் நாளில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பூச்சிமருந்து தாக்கினாலும் வியர்க்கும், தலை சுற்றும், பார்வை மங்கும். சர்க்கரை தாழ்ந்தாலும் அப்படியே. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஆகவே உடனே தெளிப்பதை நிறுத்தி, வயலை விட்டு வெளியே வந்து, நனைந்த உடையைக் களைந்து, கை முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நினைவு தெளிவாக இருந்து, வாந்தி இல்லாமல், விழுங்க முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். பிறகு தாமதமின்றி மருத்துவமனைக்குப் போய், மருந்து டப்பாவையும் மாத்திரை அட்டையையும் சேர்த்துக் காட்ட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர் வெறும் வயிற்றோடு தெளிப்பானைத் தோளில் மாட்டக் கூடாது, தனியாகவும் தெளிக்கக் கூடாது.

டீக்கடையா, தோட்டமா?

இடைத்தீனி தேவை என்று ஆனவருக்கு அடுத்த கேள்வி, எதை உண்பது என்பது. டீக்கடைக் கணக்கை முதலில் பார்க்கலாம். ஒரு டீயில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். நாளைக்கு நான்கு டீ என்றால் 40 கிராம். மாதத்துக்கு 1 கிலோ 200 கிராம் சர்க்கரை, உண்டதாகவே நினைவில்லாமல் உடம்புக்குள் போகிறது. பிஸ்கட்டும் பன்னும் மைதாவும் சர்க்கரையும் சேர்ந்தவை. 'சர்க்கரை சேர்க்காதது' என்று அச்சிட்ட பிஸ்கட்டிலும் மாவு மாவுதான், அதுவும் சர்க்கரையாகவே மாறும். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவை கெடுதல் செய்யா என்ற நம்பிக்கையும் தவறு. கேழ்வரகுக் கூழும் மாவுச்சத்துதான். சொம்பு கணக்கில் குடித்தால் சர்க்கரை ஏறும்.

இதே பகுதி மண்ணில் விளைவதைப் பார்க்கலாம். இங்கே மல்லாட்டை என்று அழைக்கப்படும் நிலக்கடலை புரதமும் நல்ல கொழுப்பும் உள்ளது. சர்க்கரையை மெதுவாகவே ஏற்றும். அவித்ததோ வறுத்ததோ ஒரு கைப்பிடிப் பருப்பு, அதாவது சுமார் 30 கிராம், போதும். ஆனால் அதில் ஏறத்தாழ 170 கலோரி உண்டு என்பதை மறக்கலாகாது. மடி நிறையக் கட்டிக்கொண்டு கொறித்தால் எடை ஏறும். பூசணம் பிடித்த, சுருங்கிய, கசக்கும் பருப்பை விலக்க வேண்டும். அதில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு இருக்கக்கூடும்.

முந்திரியைப் பற்றி இப்பகுதியில் ஓர் அச்சம் உண்டு. சர்க்கரைக்காரர் முந்திரியைத் தொடவே கூடாது என்பார்கள். சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று 300 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது. அவர்களில் ஒரு பிரிவினர் 12 வாரம் தினமும் 30 கிராம் உப்பில்லாத பச்சை முந்திரிப் பருப்பு உண்டார்கள். அவர்களுக்கு நல்ல கொழுப்பு கூடியது, இரத்த அழுத்தத்தின் மேல் அளவு குறைந்தது. உடல் எடையோ சர்க்கரையோ மோசமாகவில்லை. நெய்யில் வறுத்து உப்பும் காரமும் தூவிய முந்திரிக்கு இந்த முடிவு பொருந்தாது. விற்பனைக்கு ஒதுக்கும் பருப்பில் உடைந்ததையாவது வீட்டுக்கு எடுத்து வைப்பது நல்லது.

பலாவில் காய் வேறு, பழம் வேறு. பழச் சுளை 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் மாவுச்சத்தும் சர்க்கரையும் உண்டு. பருவத்தில் மரத்தடியில் உட்கார்ந்து அரைப் பழத்தைத் தீர்ப்பது சர்க்கரைக்காரருக்கு ஆகாது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்தில் 40 நோயாளிகளிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், தினமும் 30 கிராம் பலாக்காய் மாவு உண்டவர்களுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை குறைந்தது. அந்த மாவை அவர்கள் கூடுதலாக உண்ணவில்லை. அரிசி மாவு, கோதுமை மாவில் அதே அளவைக் கழித்துவிட்டு அதன் இடத்தில் உண்டார்கள். இங்கும் கூட்டாமல் மாற்றியதே பலன் தந்தது.

கொய்யா ஒன்று, வெள்ளரிப் பிஞ்சு, ஒரு கிண்ணம் சுண்டல், நீர்மோர் ஆகியவையும் ஏற்றவை. பழத்தைச் சாறாக்காமல் கடித்து உண்ண வேண்டும். டீ வேண்டும் என்றால் சர்க்கரை இல்லாமல் குடிக்கலாம். இரத்த அழுத்தம் உள்ளவர் உப்பைக் குறைக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் பழம், பருப்பு அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வெயிலில் வேலை செய்பவர் பல நேரங்களில் தாகத்தைப் பசி என்று எண்ணிவிடுகிறார். முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துப் பார்த்தால் பாதிப் பசி அடங்கிவிடும்.

சிறு திடல் போட்டுப் பார்க்கலாம்

புது விதையை முழு நிலத்திலும் விதைக்காமல் ஐந்து சென்டில் போட்டுப் பார்ப்பது உழவர் வழக்கம். மெட்பார்மின் மட்டும் சாப்பிடுபவர் இதையும் அப்படிச் சோதிக்கலாம். ஒரு வாரம் இடைத்தீனியோடும், ஒரு வாரம் இல்லாமலும் இருந்து, மதிய உணவுக்கு முன்பும், உண்ட இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரையைக் குறித்து வர வேண்டும். பெரும்பாலோருக்கு உணவுக்கு முன் 80 முதல் 130-க்குள்ளும், உணவுக்குப் பின் 180-க்குக் கீழும் இருப்பது இலக்கு. எந்த வாரம் இலக்கை ஒட்டி நிற்கிறதோ அந்த வழியே அவருக்குரிய வழி. இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் இந்தச் சோதனையைத் தாமாகச் செய்யக் கூடாது.

கேட்க வேண்டிய ஒரு கேள்வி

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனையில் காத்துக் கிடந்த உழவருக்கு இது பெரிய உதவி. ஆனால் மாத்திரை வந்தால் மட்டும் போதாது. 'எத்தனை மணிக்கு வயலுக்குப் போகிறீர்கள், எப்போது முதல் கவளம் உண்கிறீர்கள், இந்த மாதம் என்ன வேலை?' என்ற கேள்வியும் மாத்திரையோடு சேர்ந்து வர வேண்டும். அந்த விடை மருத்துவர் கைக்குப் போனால் மாத்திரை நேரத்தை வேலை நேரத்தோடு பொருத்த முடியும். கிராமத்தில் நடக்கும் உழவர் பயிற்சிக் கூட்டங்களிலும் பயிர்ப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது, தெளிப்பவரின் சர்க்கரையைப் பற்றியும் பத்து நிமிடம் பேசுவது தகும். மண்ணைச் சோதிக்காமல் உரம் இட வேண்டாம் என்று சொல்லும் துறைகள், உழைப்பைச் சோதிக்காமல் உணவு முறை சொல்வது பொருத்தமாகாது.

உழவர்களும் கேட்கப்படும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தம் வேலை நேரத்தைத் தாமே முந்திச் சொல்ல வேண்டும். வயலில் உடன் வேலை செய்பவர் ஒருவரிடமாவது தமக்குச் சர்க்கரை இருப்பதை மறைக்காமல் சொல்லி வைக்க வேண்டும். சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பிடுபவர் இடுப்பு மடிப்பில் வெற்றிலைப் பொட்டலத்தோடு ஒரு குளுக்கோஸ் பொட்டலத்தையும் செருகிக்கொள்ள வேண்டும்.

பதினொரு மணித் தூக்குவாளி நாளையும் வயலுக்கு வரும். மெட்பார்மின் மட்டும் சாப்பிடுபவர் சர்க்கரையில்லா டீயோ மோரோ வாங்கிக்கொண்டு போண்டாவைக் கைமாற்றி விடலாம். சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பிட்டுவிட்டு விடியலிலிருந்து குனிந்து நிற்பவர், கைப்பிடிக் கடலையோ ஒரு கிண்ணம் சுண்டலோ உண்ணத் தயங்க வேண்டாம். மதியச் சோற்றில் அந்த அளவைக் கழித்துக்கொண்டால் போதும்.